மணி அடித்தால் வண்டி நிற்கும்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நான் அந்த எண்ணை அழைத்தேன். கைபேசியில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

என் மகள் சரித்திரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மேற்கு மலையில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஒரு நீர்மின் நிலையத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த எனக்கு, தண்ணீர் விழுந்து விளக்கு எரிகிறது என்பதே கதை மாதிரிதான். அந்த நிலையம் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. அங்கே இறங்க விஞ்ச் வண்டி. இரும்புக் கயிற்றில் கட்டிய ஒரு பெட்டி, செங்குத்தான தண்டவாளத்தில் இறங்கும், ஏறும். கீழே செல்போன் எடுக்காது. அதனால் மேலே விஞ்ச் ஓட்டுகிறவரின் அறை எண்ணைக் கொடுத்திருந்தாள்.

“உயிர் போற அவசரம்னா மட்டும்பா” என்று சொல்லித்தான் கொடுத்தாள். மூன்று மணிக்குள் மேலே வந்து பேசுவதாகவும் சொன்னாள்.

“பத்து நிமிசம்தாங்க ஆவுது” என்றாள் என் மனைவி, புதுச் சேலை ஒன்றுக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டே. “வாலாஜாபாத் பஸ்ஸுக்கு அரமணி நேரம் நின்னுக்கினு இருப்பீங்க, வாயத் தொறக்க மாட்டீங்க. பொண்ணுன்னா மட்டும் இன்னாவோ ஆயிடுது உங்களுக்கு.”

முதல் முறை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அழைத்தேன். இந்த முறை எடுத்தார்கள்.

“எந்தத் தூண்லயிருந்து பேசறீங்க?” ஓர் ஆண் குரல் பதறிக் கேட்டது.

“தூணா? காஞ்சிபுரத்துலேர்ந்து சார். என் பொண்ணு மேல வந்துட்டாளா?”

அந்தப் பக்கம் மழை இரைச்சல் மட்டும் கேட்டது.

“வண்டி பாதியில நிக்குதுங்க சார். போட்ட பிரேக்கு இப்ப விட மாட்டேங்குது. தயவுபண்ணி இந்த நம்பருக்கு அடிக்காதீங்க” என்று வைத்துவிட்டார்.

நான் பையை எடுத்து இரண்டு சட்டைகளைத் திணித்தேன். மனைவியின் கை சேலையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் கேட்டாள்: “இப்ப கெளம்புனா நாளைக்குத்தான் போய்ச் சேருவீங்க. போயி கயித்தப் புடிச்சு இழுக்கப் போறீங்களா?”

பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அங்கே மழையில் அவள் தொங்கிக்கொண்டிருக்கிறாள். பேசக்கூடாது, போகவும் முடியாது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று, அவள் பத்து நாளைக்கு முன்னால் அனுப்பியிருந்த அத்தியாயத்தைக் கைபேசியில் திறந்தேன். “படிச்சியாப்பா?” என்று அவள் கேட்டபோது, “படிச்சேன்மா, பிரமாதம்” என்று சொல்லியிருந்தேன். உண்மையில் அப்போதுதான் முதல் முறையாகத் திறக்கிறேன்.

தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்களைத் துண்டு துண்டாகச் சரிவில் இறக்குவதற்குத்தான் முதலில் விஞ்ச் வைத்தார்கள் என்று எழுதியிருந்தாள். பொறிகளை மாட்டுவண்டியில் மலையேற்றினார்களாம். வண்டி போகாத இடத்தில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்களாம். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று அடிக்கோடிட்டிருந்தாள். நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு தொழிலாளிகள் அதே வண்டியில் வேலைக்குப் போய்வந்தார்கள். ஒருநாள் மூடுபனியில் வண்டி தடம் புரண்டது. உள்ளே இருந்தவர்கள் கத்தியது மேலே கேட்கவில்லை. கயிறு இழுத்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் சரிவு நெடுகத் தூண் நட்டு, தூணுக்கொரு போன் வைத்தார்கள். எந்தப் போனில் அழைத்தாலும், வெளியிலிருந்து அழைத்தாலும், விஞ்ச் அறையில் அடிப்பது ஒரே மணிதான். மேலே விஞ்ச் ஓட்டுகிறவருக்கு வண்டி கண்ணில் படாது. அதனால் ஒரு விதி: போன் மணி அடித்தால் யார், என்ன என்று கேட்கக்கூடாது. முதலில் பிரேக். பிறகுதான் போன். வண்டி ஓடும் நேரத்தில் வெளியாட்கள் யாரும் அந்த எண்ணை அழைப்பதில்லை, அந்த விதி இன்றும் இருக்கிறது என்று முடித்திருந்தாள்.

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். எந்தத் தூண் என்று அவர் ஏன் கேட்டார் என்பது புரிந்தது. வண்டியை நிறுத்தியது நான்.

“இன்னா போட்டிருக்குது அதுல?” என்று மனைவி கேட்டபோது, “ஒண்ணுமில்ல” என்றேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. அதே குரல். “குழாயோரமா படியேறி வந்துட்டாங்க சார். முட்டியில லேசா சிராய்ப்பு. வேற ஒண்ணுமில்ல.”

“அவகிட்ட குடுங்க சார்.”

யாரிடமோ ஏதோ கேட்பது காதில் விழுந்தது. “அப்புறமா பேசறாங்களாம் சார்” என்றார்.

அவள் பேசவில்லை. மறுநாள் பகலில்தான் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினாள். செருப்பெல்லாம் சேறு காய்ந்திருந்தது. தாங்கித் தாங்கி நடந்தாள். பையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

“வண்டி நின்னதுமே தெரியும்பா, நீதான் போன் பண்ணியிருப்பேன்னு. அதுக்கு எனக்குக் கோவம் இல்ல” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நான் எழுதுனத நீ படிக்கவே இல்லன்னும் அப்பதான் தெரிஞ்சுது.”