துடைத்துவிட்ட மொட்டுகள்

அந்த வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு, பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் சமையலறை ஜன்னலோரம் இலை வரைகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் வைத்தவன் கொழுந்தன். அச்சகம் வைத்திருந்தான். வெப்பமண்டல மரங்களை இலையைக் கொண்டே அடையாளம் காண மாணவர்களுக்காக அவள் எழுதி வரைந்த கையேட்டை நானே போட்டுத் தருகிறேன் என்று வலிய வந்தவனும் அவன்தான்.

அச்சகத்துக்குப் போய் அச்சான முதல் தாள்களைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. படங்கள் பளிச்சென்று இருந்தன. மொட்டுகளைத்தான் காணோம்.

“காம்போரம் பொட்டுப் பொட்டா மை தெறிச்சிருந்துச்சு அண்ணி. நானே உக்காந்து ஒவ்வொண்ணா துடைச்சேன்” என்றான், பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு.

மையாம். கடுகிலும் சிறிய அந்தப் புள்ளியில்தான் புத்தகமே நின்றது. இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும். ஒரே இலையின் துணுக்குகளான சிற்றிலைகளின் அடியில் இருக்காது. இலை இங்கேதான் தொடங்குகிறது என்று மரம் வைத்த முத்திரை அது. அதைத் துடைத்துவிட்டால், சிற்றிலைகள் சேர்ந்த ஒரு கூட்டிலை பல இலைகள் கொண்ட கிளையாகிவிடும். தனி இலையா கூட்டிலையா என்ற முதல் கேள்வியிலேயே வழுக்கியவனுக்கு அடுத்த கேள்வியில் இறகு வடிவமென்ன, கை வடிவமென்ன?

திருத்தச் சீட்டு ஒட்டிவிடலாம் என்றான். ஓடுகிற மிஷினை நிறுத்தினால் காகிதம் பாழ் என்றான். கடைசியில் சிரித்தான்.

“இலைதானே அண்ணி. பார்த்தா தெரியாதா?”

“அப்படியா? வாசல்ல நிக்குதே தூங்குமூஞ்சி மரம், அதுல ஒரே ஒரு இலை பறிச்சிட்டு வா.”

விரல்நகம் போல ஒன்றைக் கிள்ளி வந்தான். அவள் கைநீட்டி வாங்கவில்லை. தானே போய் ஒரு கொப்பை ஒடித்து வந்து மேசையில் போட்டாள். அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு காம்பு, அதில் கிளைக்காம்புகள், அவற்றில் வரிசை வரிசையாய்ச் சிற்றிலைகள். கழுத்து லென்ஸைக் கழற்றி அவன் பக்கம் தள்ளினாள்.

“இந்தக் காம்பு மொத்தமும் ஒரே இலை. நீ கிள்ளினது இதுல ஒரு துணுக்கு. காம்பு கொப்போட சேர்ற இடத்துல பாரு, உன்னோட மை.”

குனிந்து பார்த்தான். சிற்றிலைகளின் அடியிலும் தேடினான், அங்கே புள்ளி இல்லை. நிமிர்ந்ததும் உள்ளே போய் மிஷினை நிறுத்தினான்.

“தப்புதான் அண்ணி. மன்னிச்சிருங்க.”

“அதெல்லாம் அப்புறம். அச்சடிச்ச தாளை மொதல்ல கிழி. என் கண்ணு முன்னால.”

கிழித்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைசித் தாள் வரை உட்கார்ந்திருந்தாள்.