மணியின் படத்துக்கு மாலை

ஈப்போ நகரில் நாங்கள் குடிவந்த அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. எங்கள் நாய் மணியை, முன்பு குடியிருந்த சுங்காய் தோட்டத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். அம்மா வாடிப்போனார்.

அவரைத் தேற்றத்தான் வரவேற்பறைக்கு மஞ்சள் சாயம் பூசினேன். நாய்ப்படம் போட்ட குஷன் உறைகள் வாங்கினேன். மணியை வரைந்து சுவரில் மாட்டி, அழகுக்காக ஒரு காகித மாலையும் தொங்கவிட்டேன். படத்துக்கு மாலை என்றால் என்ன அர்த்தம் என்று யோசிக்கவே இல்லை.

அம்மா பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மணி போயிட்டானா? ஏன்டி மறைச்சே?"

"ஐயோ, சும்மா ஜோடிச்சேன்ம்மா!" மாலையைக் கழற்றினேன். அவர் நம்பட்டும் என்று அக்காவுக்குப் போன் போட்டு, அம்மா காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

மணி எப்படி இருக்கிறான் என்று கேட்டதும் அக்கா சொன்னார்: "போன வாரமே போயிட்டான்லா. அம்மா தாங்கமாட்டாங்கன்னு சொல்லல."

என் கையிலிருந்த மாலையை வாங்கி அம்மாவே படத்துக்குப் போட்டார்.

அதன்பிறகு அந்தச் சுவரில் நான் அழகுக்காக எதையும் மாட்டியதில்லை.