வெயில் காய்ந்த பேட்டரிகள்

எண்பதுகளின் கடைசியில், பம்பாய் மாட்டுங்கா சிநேகிதன் ஒருத்தன் இங்கிலாந்து 'ஹெவி மெட்டல்' பாட்டுக் கேசட் ஒன்றை எனக்கு இரவல் தந்தான். "பத்திரமாத் திருப்பிக் குடு, அடுத்ததும் தரேன்" என்றான். தாராவியில் நான் தோல்பை தைத்த பட்டறையில், பேட்டரி டேப்ரெக்கார்டரில் அதைப் போட்டேன். பாடுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து உறுமினான். கேசட் கெட்டுவிட்டதோ என்று வெளியே எடுத்து நாடாவைப் பார்த்தேன்.

"பேட்டரி இறங்கிட்டுலே, அதான் டேப்பு மெதுவா ஓடுது" என்றார் கூடத் தைக்கிற அண்ணாச்சி. வழக்கம்போல பேட்டரிகளைத் தகரக்கூரையில் வெயிலுக்கு வைத்தோம். பிறகும் அதே உறுமல். புதுசு வாங்கிப் போட்டால் இன்னும் கணீரென்று உறுமினான்!

அண்ணாச்சி காதைச் சாய்த்தார். "கொட்டு என்னா வேகமாப் போவுது பாரு. கேசட்டுக்கு ஒண்ணுமில்லலே, அந்தப் பய மனசாரத்தான் கத்துதான். தையல் மிஷின் ஓட்ட இந்த வேகம் நல்லாத்தான் இருக்கு. அடுத்ததையும் வாங்கிட்டு வா."