ரஞ்சினி வெட்டிய சட்டை

கரவெட்டியில் ஒரு பெண்ணின் நெஞ்சளவு அவளுடைய புருசனுக்குத் தெரியாமல் இருக்கலாம், ரஞ்சினிக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருசமாக வாசிகசாலைக்கு அடுத்த கடையில் இருந்து சாறிச் சட்டை தைக்கிறாள். யார் மெலிந்தார், யார் வெளிநாடு போய் ஊதிக்கொண்டு வந்தார், யாருக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது, எல்லாவற்றையும் அளவுநாடா சொல்லிவிடும். அவள் மட்டும் யாருக்கும் சொல்லமாட்டாள். தையல்காரிக்கு வாய் நீண்டால் கடைக்குப் பூட்டு.

பங்குனி மாதம் வாசிகசாலைக்காரருக்கு உயிர் காக்கும் ஆசை வந்தது. கனடாவில் இருக்கும் ஊர்ச்சங்கம், நின்றுபோன இதயத்துக்கு மின்சாரம் கொடுத்து எழுப்பும் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தது. என்ன பெட்டி என்பதை விட யார் அனுப்பிய பெட்டி என்பது அதன் மேல் பெரிய எழுத்தில் இருந்தது. நெஞ்சை அழுத்திப் பழக ஒரு ரப்பர்ப் பொம்மையும் கூட வந்தது. செயலாளர் சிவகரன் ரஞ்சினியிடம் ஓடிவந்தான்.

"உங்கடை வெட்டுற மேசையை ஒருக்கால் தாங்கோ அக்கா. பொம்மையை நிலத்திலை கிடத்தினா பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குத் தெரியாது. ரெண்டு நாளைக்குத்தான்."

மேசை போனால் தையல்காரிக்கு என்ன வேலை? இரண்டு நாளும் ரஞ்சினி வாசிகசாலை யன்னலோரம் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பொம்மை ஆண். உடம்பில் ஒரு துணி கிடையாது. நெஞ்சு முப்பத்தெட்டு அங்குலம், தட்டை. இருபத்திரண்டு ஆண்கள் வரிசையில் நின்று அழுத்தினார்கள். பெண்கள் யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. இரண்டாம் நாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, பழக்க வந்த தாதிதான், "சும்மா இருக்கிறியள், நீங்களும் அமத்திப் பாருங்கோவன்" என்றாள். காலம் முழுக்கத் தையல் மெசின் மிதித்தவளுக்குத் தாளம் பிசகவில்லை. சான்றிதழ் இருபத்திரண்டு பேருக்குக் கிடைத்தது. ரஞ்சினிக்கு மேசை திரும்பிக் கிடைத்தது, ஒரு கால் ஆடியபடி.

ஆவணியில் பத்மாசினி ரீச்சர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். வாசிகசாலைத் தலைவர் மார்க்கண்டுவின் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை.

"கையைத் தூக்குங்கோ ரீச்சர்."

"தூக்கேலாமல் கிடக்கு ரஞ்சினி. ஒரு கிழமையாத் தோள்மூட்டிலையிருந்து தாடை வரைக்கும் ஒரே உளைவு. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது."

"டொக்டரிட்டைக் காட்டேல்லையோ?"

"காட்டினனான். வாய்வாம். இவர் உள்ளிப்பூண்டைச் சுட்டுத் தின்னச் சொல்லுறார்."

முந்தின மாதம் மார்க்கண்டர் பலாப்பழம் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டு நெஞ்சைப் பிடித்தபோது, அவரை இரண்டு வான் பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பெட்டியும் கூடப் போனது. அங்கே கண்டுபிடித்தது வாய்வு. புருசனுடைய வாய்வு மாரடைப்பாகவும் மனைவியுடைய மாரடைப்பு வாய்வாகவும் தெரிகிற கண் எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. ரஞ்சினி மட்டும் என்ன திறம்? சட்டையின் கைக்குழியை அரை அங்குலம் இளக்கித் தைத்துக் கொடுத்தாள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ரீச்சர் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு வந்தார். பரிசு கொடுக்க எழுந்தவர் அப்படியே மேடையில் சரிந்தார்.

சிவகரனைக் குறை சொல்லக்கூடாது. ஒரு நிமிசத்துக்குள் பெட்டியைக் கொண்டுவந்து ரீச்சருக்குப் பக்கத்தில் திறந்து வைத்தான். அம்புலன்ஸுக்கும் அடித்தான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு சான்றிதழும் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. ஒருவன் நிகழ்ச்சிநிரலால் விசிறினான். இன்னொருவன் சாறியைக் கரண்டைக்கால் தெரியாமல் இழுத்துவிட்டான். "பொம்பிளையள் ஆராவது வாங்கோ" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெட்டிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. நெஞ்சில் துணி இருக்கக்கூடாது என்று அதற்குள் பதிந்திருந்த குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஆறாம் வரிசையில் இருந்த ரஞ்சினி மேடைக்கு ஏறினாள். ரீச்சரிடம் மூச்சு இல்லை. முழங்காலில் நின்று அழுத்தத் தொடங்கினாள். முப்பது அழுத்தியதும் பெட்டிக்குள் பார்த்தாள். அதற்குள் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. பயிற்சியில் அதை யாரும் தொட்டதில்லை, பொம்மைக்குத்தான் சட்டை இல்லையே.

"ரஞ்சினி, என்ன செய்யிறீர்?" என்றார் மார்க்கண்டர்.

"ஆபத்துக்குப் பாவமில்லை அண்ணை. தள்ளி நில்லுங்கோ."

தான் தைத்த சட்டையைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை இரண்டு வெட்டில் பிளந்தாள். உள்ளே இருந்ததையும் வெட்டினாள். ஒட்டும் தகடுகளைப் பயிற்சியில் பொம்மைக்கு ஒட்டிய இடங்களிலேயே ஒட்டினாள். அவள் கையை எடுத்ததும் சிவகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டே பொத்தானை அழுத்தினான். ரீச்சரின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ரஞ்சினி திரும்பவும் அழுத்தத் தொடங்கினாள். அம்புலன்ஸ் வருவதற்குள் ரீச்சர் முனகத் தொடங்கிவிட்டார்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? இத்தனை பேருக்கு முன்னால் சட்டையை வெட்டினாளாம் என்பதுதான் ஊருக்கு ஞாபகம் நின்றது. ரீச்சர் தேறி வந்து ரஞ்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீர் இல்லாட்டி நான் இல்லை. இவர் மட்டும், ஒரு சீலையைச் சுத்தவரப் பிடிச்சிட்டு வெட்டியிருக்கலாமாம் எண்டுறார்."

"அதை விடுங்கோ. நீங்கள் கை தூக்கேலாமல் நிண்டனீங்கள், நான் கைக்குழியை இளக்கினன். அதுதான் என்னை நித்திரை கொள்ள விடுகுதில்லை."

"அது நல்லாத்தான் இருந்தது ரஞ்சினி. இறுக்கவே இல்லை."

ரஞ்சினிக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் பொம்மைக்குப் பெண் நெஞ்சு ஒன்று தைத்தாள். இலவம்பஞ்சு அடைத்து, மேலே பிறேசியரும், கொக்கி வைத்த சட்டையும். ஆண்களுக்குக் கை பழகினால் கூச்சம் போகும் என்று நினைத்தாள். அதைக் கொண்டுபோய்ச் சிவகரனிடம் கொடுத்தாள். நிர்வாகசபை கூடி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போகிற இடம் என்பதால், அதைப் பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

சொல்ல வந்த சிவகரன் கடைவாசலில் நெளிந்துகொண்டு நின்றான். ரஞ்சினி கோபப்படவில்லை. அவளுக்கு ஐம்பத்தாறு வயசு, பிறசரும் சீனி வருத்தமும் இருக்கிறது, மகள் பாரிசில். இரண்டு நாளாக இடது தோள் உளைகிறது. குனிந்து தைக்கிற தொழில், அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இப்போது பயமாக இருந்தது.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். நாளைக்கு நான் விழுந்தா ஆர் வந்து அமத்துறது?"

சிவகரனுக்கு முகம் தெளிந்தது. இதற்கு அவனிடம் பதில் இருந்தது.

"அதுக்கேன் யோசிக்கிறியள் அக்கா? அதையும் கூட்டத்திலை முடிவெடுத்திட்டம். இனி எங்கடை ஊரிலை எந்தப் பொம்பிளை விழுந்தாலும் முதல் உங்களைத்தான் கூப்பிடுவம்."