குங்கிலியம் பூசிய உடம்பு

குங்கிலியம் பூசிய உடம்பு தண்ணீரில் தாழாது என்று நான் நம்பியிருந்தேன். ஏழு வயதுப் பிள்ளைதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் என் வயதுப் பயல்கள் வேறு எவனும் நம்பவில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத ஒருவன், எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும்?

நம்ப வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வாவியில் வலை போடுகிறவர். வாயில் வெற்றிலை இல்லாத நேரமெல்லாம் பொய் இருக்கும். தோணியின் பலகை இடுக்குகளில் தேங்காய்த் தும்பை அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவது வருஷா வருஷம் நடக்கும் வேலை. அந்த வருஷம் மட்டும் தோணிக்கு வேண்டியதைவிட இரண்டு பங்கு வாங்கினார். தேன் நிறத்தில், கற்கண்டு உடைத்ததுபோன்ற மரப்பிசின் கட்டிகள். கடைக்காரர் காத்தான்குடி முஸ்லிம், எங்களுக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். தராசைப் பிடித்தபடி சிரித்தார்.

“இவ்வளவு குங்கிலியம் எதுக்கு தம்பி? கப்பலா கட்டுறாய்?”

“ஓம் காக்கா. ஆவணியில கலியாணம். அந்தக் கப்பல்ல ஓட்டை இருக்கப்படாதே.”

மிச்சத்தை, வலைகள் வைக்கிற ஓலைக் கொட்டிலான வாடிக்குப் பின்னால் கொண்டுபோய், பொடித்து, நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுக் கடைந்து, கழுவிக் கழுவி வெள்ளை வெளேரென்று வெண்ணெயாக்கினார். புண்ணுக்கும் தீப்பட்ட தோலுக்கும் எங்கள் பக்கத்தில் குங்கிலிய வெண்ணெய்தான் முதல் மருந்து. மாமாவுக்குப் புண் இல்லை. முதுகில், வலது தோளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளிறிக் கிடந்தது. தன் கை எட்டாத இடம் என்பதால் பூசுவதற்கு என்னை வைத்துக்கொண்டார்.

“என்ன மாமா இது?”

“தேமல். பொம்புள ஊட்டாக்களுக்கிட்டச் சொல்லிப்போடாத மனே.”

“தேமலுக்கு ஏன் குங்கிலியம்?”

“தோணிக்கு எதுக்குப் பூசுறம்?”

“தண்ணி ஏறாம.”

“அதுக்குத்தான் எனக்கும். இதப் பூசினவன் வாவியில விழுந்தாலும் தாழமாட்டான்.”

கலியாணத்துக்குள் அந்த வெளிறல் மறைந்துவிட வேண்டும், மறையும்வரை ஒரு கண்ணும் அதைப் பார்த்துவிடக் கூடாது. இதுதான் மாமாவின் ஒரே கவலை. நடு வெயிலிலும் துவாயால் தோளைப் போர்த்திக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளைக்கு இப்பவே சால்வை வந்திட்டு என்று துறையில் கேலி பண்ணினார்கள். அவரும் கூடச் சிரித்தார்.

ஒருநாள் அவர் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து தீயை ஊதிக்கொண்டிருந்தார். கொதிக்கிற குங்கிலிய எண்ணெயை நான் பின்னாலிருந்து அகப்பையால் அள்ளி அழகு பார்த்தேன். அகப்பை சாய்ந்து ஒரு துளி அவர் முதுகில், சரியாக அந்த வெளிறிய இடத்தில் விழுந்தது. அகப்பையைப் போட்டுவிட்டு ஓடத் தயாரானேன். மாமாவோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தீயை ஊதிக்கொண்டேயிருந்தார். கொதிக்கிற எண்ணெய் தொட்டும் நோகாத உடம்பு! அன்றோடு எனக்கிருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போயிற்று.

அடுத்த நாள் காலை துறையில் கூட்டம். பெண்ணின் தமையன்மார் இருவரும் வலை இழுக்க வந்திருந்தார்கள். மாமா தோணியிலிருந்து அவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். என் வீரத்தைக் காட்ட இதைவிட நல்ல சபை கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. வாடிக்குள் புகுந்து, சட்டியிலிருந்த வெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால்வரை அப்பிக்கொண்டு, கட்டியிருந்த பெரிய தோணி ஒன்றின் முன் நுனியில், அணியத்தில் ஏறி நின்று, எல்லாரையும் பார்க்கும்படி கூப்பிட்டுவிட்டுக் குதித்தேன்.

தாழ்ந்தேன். கல் தாழ்வதுபோல் தாழ்ந்தேன் என்று சொல்லலாம், ஆனால் கல் அவ்வளவு கத்தாது. அந்த நேரத்திலும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? மூக்குத் துவாரம் இரண்டையும் அடைக்க மறந்துவிட்டாயே என்றது. பிறகு எதுவோ என் காலைப் பிடித்தது. முதலை என்று முடிவு கட்டி, கிடைத்த இடத்தில் கடித்தேன்.

“விடுடா மனே, முதலையில்ல, மாமா.”

பிடித்தாரே தவிர, என்னை வைத்திருக்க அவரால் முடியவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய்ப் பசை. கையைப் பிடித்தால் கை வழுக்கியது, இடுப்பைப் பிடித்தால் இடுப்பு வழுக்கியது. கடைசியில் தோளில் கிடந்த துவாயை உருவி என்னைச் சுற்றி, மூட்டைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறினார்.

மணலில் கிடந்து இருமினேன். இருமலுக்கு நடுவே அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கண் தேடியது. அடி வரவில்லை. யாரும் என்னைப் பார்க்கவேயில்லை. எல்லாரும் குனிந்து நின்ற மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மச்சான், முதுகில என்ன?” என்றார் பெண்ணின் மூத்த தமையன்.

“தேமல்.”

மூத்தவர் கிட்ட வந்தார். கையில் வலை பின்னுகிற ஊசி இருந்தது. அதன் முனையை அந்த வெளிறிய தோலில் மெல்ல வைத்து அழுத்தினார். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. மாமா என் தலையைத் துவட்டியபடியே, “மூக்கச் சீறு மனே” என்றார். குத்தியது அவருக்குத் தெரியவில்லை. என் மாமாவை ஊசியால் குத்தினாலும் நோகாது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். அவருடைய பலத்துக்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தேசிக்காய்ப் புளியாலும் தேங்காய்த் தும்பாலும் தோல் உரிய உரியத் தேய்த்தாள். தேய்க்கும்போது அழுதாள். வெண்ணெயைத் திருடியதற்குத் தண்டனை இவ்வளவுதான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தத் துவாயை அப்பா வேலிக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார். நல்ல துவாயை ஏன் எரிக்கிறார் என்று கேட்டேன், தள்ளிப் போ என்றார்.

மாமா அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை, வாடியிலேயே படுத்தார். அம்மா சோற்றைக் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிட்டு வந்தாள். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வந்து அப்பாவோடு இரகசியமாகக் கதைத்தார். ஒரு விடியற்காலையில், யாரோ ஏற்றிப்போக வந்த தோணியில் மாமா ஏறினார். நான் ஓடிப்போய்த் துறையில் நின்றேன். கிட்ட வராதே என்று கையைக் காட்டினார்.

“மனே, நீந்தப் பழகு. மாமா சொன்னது பொய்.”

அவர் சொன்ன ஆயிரம் பொய்களில் எந்தப் பொய் என்று எனக்கு விளங்கவில்லை.

திருக்கோணமலையில் வெள்ளைக்காரனின் எண்ணெய்த் தாங்கி கட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் சொன்னார்கள். சம்பளம் வாங்கினால் மருமகனுக்கு ஒரு மிட்டாயாவது அனுப்ப வேண்டாமா? வருஷக்கணக்கில் அவர்மேல் கோபமாக இருந்தேன். கலியாணத்துக்கும் அவர் வரவில்லை. அந்தப் பெண்ணை வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நானும் போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அம்மா ஏன் அன்று வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று யோசிக்கவில்லை.

மாமா திருக்கோணமலைக்குப் போகவேயில்லை. எங்கள் துறையில் நின்றால் மரங்கள் தெரிகிற, வாவி நடுவிலுள்ள தீவில், குட்டநோய்க்காரரை வைத்திருந்த ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு மீசை முளைத்த வருஷம் அங்கே செத்துப்போனார். அங்கேயே புதைத்தார்கள்.