குழல் பிரஷ்

முதலமடையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த கமால் பட்டாசுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். அப்படிப்பட்டவன் தலையில்தான் விதி ஒரு துப்பாக்கியைக் கட்டியது. பெண்ணைக் கொடுத்த மாமனார் மொய்து, தன் மாந்தோப்பின் காவலையும் கொடுத்து, லைசென்ஸில் அவன் பெயரையும் சேர்த்து, இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கையில் திணித்துவிட்டார். தோப்பில் பன்றி புகுந்தால் கமால் தகர டின்னைத்தான் தட்டுவான். அதுவும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.

கேரளம் பிறந்த அடுத்த வருடம், மாங்காய் பறிப்புக்கு முன்னால், கொல்லங்கோட்டிலிருந்து மாமனார் சொல்லியனுப்பினார்: "வெள்ளிக்கிழமை வர்றேன். குழல்ல ஒரு கீறல் தெரிஞ்சாலும் துப்பாக்கியும் தோப்பும் சின்ன மருமவனுக்கு!"

வெள்ளி விடிந்ததும் கமால் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழலுக்குள் நோக்கினான். அங்கங்கே துரு! தேய்க்க மாமனார் கொடுத்த வெண்கலக் கம்பி பிரஷையோ காணோம்.

கடைக்கு ஓடினான். பொன்போல் மின்னிய புது பிரஷ் ஒன்றை எடுத்து வந்தான். குழலில் விடப்போன கை நின்றது. "இரும்புக் கம்பி பட்டா குழலே பாழ்" என்று மாமனார் சொன்னது நினைவுக்கு வந்தது. காந்தத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் காட்டினான். டப்பென்று ஒட்டிக்கொண்டது. மேலே பித்தளைப் பூச்சு, உள்ளே இரும்பு! உலகத்துத் துரோகம் எல்லாம் அந்தப் பிரஷ் வடிவில் வந்து நிற்பதாக அவனுக்குத் தோன்றியது.

"ஏனுங்க, இதையா தேடறீங்க?" சமையற்கட்டிலிருந்து மனைவி ஷரீஃபா வந்தாள். கையில் வெண்கல பிரஷ் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அங்கெப்படிப் போச்சு?"

"குழல் தேய்க்கிற பிரஷ், பத்திரம்னு நீங்கதானுங்களே குடுத்தீங்க? நா புழங்கற குழல் நம்மூட்ல புட்டு அவிக்கிற குழல் ஒண்ணுதானுங்க!"

திட்டக்கூட நேரமில்லை. வெளியே மாமனாரின் செருமல் கேட்டது. கமால் பிரஷைத் துணியில் துடைத்து, எண்ணெய் தொட்டு, பின்பக்கமாக விட்டு முனை வரை தள்ளித் தள்ளி எடுத்தான். துரு போயிற்று. துப்பாக்கியைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடிப்போய் சலாம் சொன்னான்.

மாமனார் முதலில் புட்டைத்தான் பார்த்தார். "என்ன பதம்! ஒட்டாம வழுக்கிட்டு வருது" என்று மூன்று குழல் உள்ளே தள்ளினார். பிறகு கை கழுவி, துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளிச்சத்துக்குத் தூக்கிக் கண்ணை வைத்தார்.

கமாலின் தோப்பு, மானம், மாப்பிள்ளை என்ற மரியாதை, எல்லாம் அந்தக் குழலுக்குள் தொங்கின.

"ஐயோ!" என்று அலறினார் மாமனார். குழலிலிருந்து கட்டெறும்புகள் சாரைசாரையாக இறங்கி அவர் மீசைக்குள் புகுந்தன. தட்டித் தட்டி உதிர்த்தவர் குழலை முகர்ந்தார். தேங்காய் வாசம். பிரஷை வாங்கிப் பார்த்தார். கம்பிகளுக்கிடையே அரிசி மாவு.

"மாப்பிள்ளை... நா தின்ன புட்டு?"

கமால் ஷரீஃபாவைப் பார்த்தான்.

"அத்தா, அந்தத் துப்பாக்கிய அவரு ஒருநாளும் சுட்டதில்லீங்க. பிரஷ் சுத்தமானதுதானுங்க" என்றாள் ஷரீஃபா. காப்பாற்ற நினைத்து, புருஷனின் மிச்சமிருந்த மானத்தையும் அவிழ்த்துவிட்டாள்.

மாமனார் மீண்டும் குழலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "கீறல் ஒண்ணுங்கூட இல்ல" என்றார் கடைசியில். "சுடத் தெரியாட்டியும் பிரஷ் பாத்து எடுக்கத் தெரியுது. துப்பாக்கியும் தோப்பும் இங்கியே இருக்கட்டும்."

கமால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். ஓர் எறும்பு அவனையும் கடித்தது.

மறுவாரம் கொல்லங்கோட்டு பஸ்ஸில் புது வெண்கல பிரஷ்கள் இரண்டு வந்தன. கலந்துவிடக் கூடாதென்று மாமனார் ஒன்றில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தார். நூல் கட்டியது எந்தக் குழலுக்கு என்று சொல்ல மறந்துவிட்டார்.

கேட்கக் கமாலுக்குத் துணிவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் ஆப்பம்தான்.