மேஸ்திரி கொண்டுவந்த சோடா

டாக்டர் என் வயிற்றின்மேல் இரண்டு விரலை வைத்துத் தட்டினார். காலிப் பீப்பாயைத் தட்டினால் வருமே, அந்த ஓசை வந்தது. “காத்து பிரிஞ்சுதா?” என்றார். இல்லை என்றேன். “அது வரைக்கும் வாயில ஒண்ணும் கூடாது, உதட்டை மட்டும் நனைச்சு விடுங்க” என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அறுத்த இடத்து வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம். குடலில் காற்று அடைத்துக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல், உருண்டு உருண்டு குத்துகிறதே, அதைப் பொறுக்க முடியாது. இருமினால் தையல் பிய்ந்துவிடும் போலிருக்கும். இந்த லட்சணத்தில் காலையும் மாலையும் வார்டுக்கே கேட்கும்படி அந்தக் கேள்வி வேறு. இருபத்தாறு வயது ஆண்பிள்ளைக்கு இதைவிட மானக்கேடு வேண்டுமா?

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஹார்பரில் மூட்டை தூக்கும் ஆட்களில் நானும் ஒருவன். எனக்குக் குடலிறக்கம் இருந்தது. அடிவயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒருநாள் இறங்கிய குடல் உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டது. கப்பலடியிலேயே சுருண்டு விழுந்தேன். எங்கள் மேஸ்திரிதான் என்னை ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் அதே உபாதை, அதே துணிக்கட்டு. டாக்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். “இப்பவே வந்து படுத்தீங்கன்னா சின்ன ஆபரேஷன். இவரை மாதிரி சிக்கின பிறகு வந்தா, நான் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். மேஸ்திரி என்னைக் காட்டி, “மொதல்ல இவன் எய்ந்து நடக்கட்டும் சார். பாத்துட்டு நானே வந்து படுத்துக்கிறேன்” என்றார். ஆக, அவர் பிழைப்பதும் பிழைக்காததும் என் வயிற்றின் கையில் வந்து சேர்ந்தது.

மறுநாளிலிருந்து பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் முதல் ஆளாக வந்து நிற்பார். இடுப்புத் துண்டுக்குள் ஒரு கோலி சோடா இருக்கும். மூட்டை தூக்கி வயிறு இறுகிப் போனால் எங்கள் ஆட்களுக்கு அதுதான் மருந்து. ஒரு சோடா, ஒரு ஏப்பம், அப்புறம் அடுத்த மூட்டை. கோலியை அமுக்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பக்கத்துக் கட்டில்காரரை இருமச் சொல்லுவார். அந்த மனுஷனும் பாவம், தன் தையலைப் பிடித்துக்கொண்டு இருமுவார். “குட்ச்சிடு நைனா. ஒரே ஒரு ஏப்பம் வந்தா எல்லாம் செரியாப் பூடும். இவுங்களுக்கு இன்னா தெரியும்?” என்பார் மேஸ்திரி. நாக்கு வறண்டு கிடந்த நான் மடக் மடக்கென்று குடித்தேன். மூன்று நாள் குடித்தேன். ஏப்பம் வந்தது, வீக்கம் மட்டும் இறங்கவில்லை. நான்காம் நாள் வயிறு தம்மென்று ஏறி மூச்சு முட்டியது. பின்பக்கம் ரப்பர் குழாயைச் செருகி, என்னைப் பக்கவாட்டில் புரட்டிப் போட்டிருந்தார்கள். நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். துண்டை அவிழ்க்காமலே திரும்பிப் போய்விட்டார்.

அன்று மாலை கட்டிலடியில் கிடந்த காலிப் பாட்டிலை நர்ஸம்மா எடுத்தார். “உள்ள இருக்கிற காத்தை வெளியேத்த நாங்க பாடுபடறோம். நீ காத்தை வாங்கிக் குடிக்கிறியா?” என்று அவர் போட்ட சத்தத்தில் வார்டே சிரித்தது. சோடா நின்ற இரண்டாம் நாள் விடியற்காலையில் காற்று பிரிந்தது. வெட்கத்தை விட்டு நானே உரக்கச் சொன்னேன். கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அதைப் பார்க்க மேஸ்திரி வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஹார்பருக்குத் திரும்பினேன். அவர் அதே கட்டோடுதான் நின்றிருந்தார். “நல்லா ஆயிட்டேன் மேஸ்திரி, நீங்களும் போய்ப் படுங்க” என்றேன். “நீ பட்ட பாட்டைத்தான் இந்தக் கண்ணால பாத்தேனே. அந்தப் பேஜாரு எனக்கு வாணாம்டா” என்றார். நீங்கள் பார்த்தது ஆபரேஷன் செய்த வேலை இல்லை, உங்கள் சோடா செய்த வேலை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். எங்கள் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, மேஸ்திரி சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தலைக்குமேல் சரக்கு தொங்கும்போது ஆளுக்கொரு பேச்சுப் பேசினால் அடியில் நிற்பவன் செத்தான். அதற்காக ஏற்பட்ட கட்டுப்பாடு அது. சோடா விஷயத்துக்கும் அதை நான் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டேனே, என் புத்தியை என்ன சொல்ல? சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். அவர் தனியாக அகப்பட்ட நாட்களிலும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குச் சிக்கிக்கொண்டது. வயிற்று வலிதானே என்று இரண்டு நாள் வீட்டிலேயே சோடா குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது குடல் அழுகிவிட்டதாம். வயிற்றைத் திறந்த டாக்டர் அப்படியே மூடிவிட்டாராம்.

இப்போது என் மருமகனுக்கு அதே ஆபரேஷன் ஆயிற்று; மூன்றாம் நாளே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். வயிறு உப்புசமாக இருக்கிறது என்று அவன் முனகினால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் அவன்மேல் இல்லை.

மேஸ்திரியின் காரியம் முடிந்த அன்று கல்மண்டபம் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப வேலையெல்லாம் வுட்டுட்டு டெய்லி சோடா வாங்கினு ஓடியாந்தாரேப்பா. அத்த குட்ச்சிதானே நீ பொயச்சே? அவருக்கு மட்டும் அது கேக்கலியே!”

“ஆமாக்கா” என்றேன்.